வேஷம் கலையாத டிரைவர்

கோமதிநாயகம் செத்துப்போனார் என்று கேள்விப்பட்டதும் கருத்தப்பாண்டிக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மனுசனைத் தோற்கடிக்க மாசக்கணக்கில் பாடுபட்டுக்கொண்டிருக்கும்போது, அவர் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் யாருக்குத்தான் வராது?

"ஜெயிச்சுட்டுப் போயிட்டாருலே," என்றான்.

"செத்ததை ஜெயிச்சதுன்னு சொல்லுத ஒரே ஆளு நீதாம்லே," என்றான் ஆரிப்.

முகம்மது ஆரிப் அவனுடைய வகுப்புத் தோழன். இரண்டு பேரும் அரியர் வைத்திருப்பதுகூட ஒரே பாடங்களில்தான். சங்கரன்கோவிலில் ஆரிப் வீட்டு மாடி அறை அவர்களுடைய தலைமையகம். கீழே ஆரிப்பின் வாப்பா விசைத்தறி ஓட்டி நாலு காசு சம்பாதிப்பார். மேலே இவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அடுத்தவன் நிம்மதியைக் கெடுத்து, அதை லைவில் காட்டுவார்கள். அதைப் பார்ப்பதற்கு நாட்டில் ஆள் பஞ்சமே இல்லை.

நிம்மதி கெட்ட ஊரின் பெயர் சங்கரபுரி. அது கம்ப்யூட்டருக்குள் இருந்தது. ஒருவரையொருவர் சுட்டு விளையாடுவதற்காக வெள்ளைக்காரன் கட்டிய நகரம். கடையநல்லூர் முகம்மது அப்சல் அதை வாடகை சர்வரில் ஏற்றி, தெருவெல்லாம் தமிழ் போர்டு மாட்டி, துப்பாக்கியைத் தடை செய்து, அட்மினாக உட்கார்ந்துகொண்டான். அங்கே எல்லோரும் ஆளுக்கொரு வேஷம் கட்டி, மைக்கில் பேசிப் பிழைப்பு நடத்தினார்கள். நிஜத்தில் வேலை கிடைக்காதவர்கள் அங்கே தாசில்தாராக இருந்தார்கள். நிஜத்தில் வேலை கிடைத்து மஸ்கட்டுக்கும் துபாய்க்கும் போனவர்கள், லீவு நாளில் வந்து அங்கே டீ ஆற்றினார்கள்.

சங்கரபுரிக்குள் நின்றுகொண்டு "இது விளையாட்டுதானே" என்று எவனாவது வாய் விட்டால் லாக்கப்தான். குறும்புக்கும் அப்சல் முறை வைத்திருந்தான். பஸ்சுக்குக் குறுக்கே மாட்டைக் கட்டலாம், வானத்திலிருந்து குதிக்கக்கூடாது. குறும்பில் மாட்டியவர் வேஷம் கலையாமல் பதில் சொல்ல வேண்டும். குறும்பு செய்தவன், தான் கலைத்துப் போட்டதைத் தானே பழையபடி அடுக்கி வைக்க வேண்டும். "பந்தியில உக்காந்தவன் இலையை மடக்கிட்டு எந்திரிக்கணும்லா, அந்த மரியாதைதான்" என்பான் அப்சல்.

இந்த ஊரில் கருத்தப்பாண்டி எத்தனையோ பேருடைய வேஷத்தைக் கலைத்திருக்கிறான். ஒரு சப்-இன்ஸ்பெக்டரை அழ வைத்து, "ஏலே, நான் பிளஸ் டூ படிக்கேம்லே, விட்ருலே" என்று சொல்ல வைத்திருக்கிறான். கலையாமல் நின்றவர் ஒருவர்தான். மஸ்கட்டில் கொத்தனாராகவும் சங்கரபுரியில் எட்டாம் நம்பர் டவுன் பஸ் டிரைவராகவும் இருந்த கோமதிநாயகம்.

அவர் பஸ்சில் ஏறி, ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு "அண்ணாச்சி, புளியங்குடி போகுமா" என்று கேட்டான். "போகாது தம்பி, இது டவுன் வண்டி. புளியங்குடிக்கு அடுத்த பிளாட்பாரத்துல நில்லு" என்று ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு அதே குரலில் சொன்னார். சக்கரத்தைக் கழற்றி வைத்தான். "டிப்போவுல இருந்து மெக்கானிக் வருதாரு, பெரியாளுங்க மட்டும் நிழல்ல உக்காருங்க" என்றார். வெறுத்துப்போய், "அண்ணாச்சி, நீங்க மஸ்கட்டு கேம்ப்ல கட்டில்ல குப்புறப் படுத்துக்கிட்டுப் பேசுதீய, எனக்குத் தெரியும்" என்று ஒரு நாள் லாக்கப்பையும் பார்க்காமல் சொல்லிவிட்டான். வண்டியை ஓரங்கட்டினார். பிறகு, "படியில நிக்காத தம்பி, உள்ள வா" என்றார்.

அப்பேர்ப்பட்ட மனுசன் மஸ்கட்டில் கேம்புக்குப் போகும் ரோட்டைக் கடக்கும்போது தண்ணீர் லாரி அடித்துச் செத்துப்போனார். காகிதம் சரியில்லை என்று உடம்பை அங்கேயே புதைத்துவிட்டார்கள். சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தது ஒரு பெட்டி. அதில் கொஞ்சம் சட்டைகளும் ஒரு லேப்டாப்பும் இருந்தன. அவர் மனைவி சங்கரேஸ்வரி கடைசியாக அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ரோட்டில் எப்படிக் கிடந்தார் என்று கேட்டதற்கும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

லேப்டாப்புக்குள் சங்கரபுரி இருந்தது. சங்கரபுரிக்குள் கோமதிநாயகம் இருந்தார்: காக்கிச் சட்டை, கனத்த மீசை, நெற்றியில் கோமதி அம்மன் குங்குமம். தன் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருந்தார். அவர் கணக்கை அழிக்கலாமா என்று கேட்க அப்சல் போன் செய்தபோது சங்கரேஸ்வரி சொன்னாள்: "அழிங்க தம்பி. அதுக்கு முன்ன ஒருக்கா ஒழுங்கா எடுத்து அடக்கம் பண்ணிருங்க. அவிய போறதை நான் கண்ணால பாத்துக்கிடுதேன்."

அப்சல் சரி என்றான். அதில் ஒரு சிக்கல் இருந்தது. சங்கரபுரியில் ஒருவரைப் படுக்க வைத்தால் தூங்குவார். நெஞ்சு ஏறி இறங்கும். பிணமாகக் கிடக்க வேண்டுமென்றால் யாராவது அடித்துப் போட்டால்தான் உண்டு. முந்தின நாளே அப்சல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவர்மேல் ஜீப்பை ஏற்றிக் காரியத்தை முடித்துவிட்டான். ஊருக்கே தெரியும். சங்கரேஸ்வரிக்கு மட்டும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எட்டாம் நம்பர் பஸ்சைப் பூவால் சோடித்து, முன்னால் பாடை வைத்து, ஊர் கூடியது.

"இன்னைக்குக் கலைக்கோம்," என்றான் கருத்தப்பாண்டி. "அவரைக் கலைக்க முடியாட்டி, அவரு ஊரையாவது."

முதல் திட்டம் எளியது. துக்க வீட்டில் போய் வேட்டு வெடித்து, குத்தாட்டம் போட்டு, எல்லோரையும் கத்த வைப்பது. சீமையில் எவனோ இப்படிச் செய்து பேர் வாங்கியதை வீடியோவில் பார்த்திருந்தான். சரத்தைக் கொளுத்திப் போட்டுப் பாடைக்கு முன்னால் ஆடினான். இரண்டு தெரு ஆடியும் எவனும் கத்தவில்லை. தாசில்தார் கூடச் சேர்ந்து ஆடினார். டீக்கடைக்காரர் விசிலடித்தார். பாடையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"யாரு தம்பி நீங்க, நல்லா ஆடுதீய. எங்க மாமனாருக்கும் இப்படித்தான் ஆடி எடுத்தோம். நல்லா இருப்பீய."

சங்கரேஸ்வரி, புருசன் லேப்டாப்பில், புருசன் கணக்கில் உட்கார்ந்திருந்தாள். அதனால் அவள் பேசினால் பிணத்தின் வாய் அசைந்தது. அவள் மூக்கைச் சிந்தினால் பிணத்தின் உதடு துடித்தது. ஊர் அதைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பி நின்றது. அதுவும் ஒரு மரியாதைதான்.

லைவில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கருத்தப்பாண்டியைக் கழுவி ஊற்றினார்கள். 'குறும்பு செய்யப் போனவன் கூலி வாங்காமல் ஆடிவிட்டு வருகிறான்' என்று ஒருவர் எழுதினார். 'எங்க தாத்தாவுக்கும் வந்து ஆடுவியா, அட்வான்ஸ் எவ்வளவு' என்று இன்னொருவர்.

"ஏலே, மானம் போவுது," என்றான் ஆரிப்.

கருத்தப்பாண்டியின் காது சிவந்தது. நிஜத்தில் அவன் பி.எஸ்சி. தேறுவதே சந்தேகம், சங்கரபுரியில் அவன் எம்.பி.பி.எஸ். ஊர் ஆஸ்பத்திரிக்கு அவன்தான் டாக்டர். அடிபட்டு விழுந்தவர் பக்கத்தில் போய் ஈ என்ற பட்டனை அழுத்தினால் அவர் எழுந்துவிடுவார். அந்த அதிகாரம் ஊரில் அவன் ஒருவனுக்குத்தான்.

பாடை பக்கத்தில் போய் நின்றான். அழுத்தினான்.

கோமதிநாயகம் எழுந்தார். மாலை இல்லாத கழுத்தைத் தடவினார். சட்டையை உதறினார். இடது பக்கமும் வலது பக்கமும் பார்த்தார். உயிர் பெற்றவர்கள் எல்லோரும் அந்த ஊரில் அதைத்தான் செய்வார்கள்.

கூட்டம் ரெண்டடி பின்னால் நகர்ந்தது. விளையாட்டு என்று சொன்னால் லாக்கப். டீக்கடைக்காரருக்கு மட்டும் பழக்க தோஷம்.

"என்ன அண்ணாச்சி, வண்டி எடுக்கலையா?" என்றார்.

ஆரிப் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தான். லைவில் சிரிப்புப் பொம்மைகள் மழையாகக் கொட்டின.

"ஏங்க," என்றது கோமதிநாயகத்தின் வாய். "ஏங்க, இந்தா நிக்கீயளே."

அப்சல் வந்தான். அவன் குரலில் கோபம் தெரிந்தது. அடுக்கி வைத்ததைக் கலைத்துப் போட்ட அளவுக்குத்தான் கோபம் இருந்தது, அதற்கு மேல் இல்லை.

"வேஷத்துக்கு வெளிய நின்னு பேசுதேன், எல்லாரும் கேளுங்க. டாக்டரு எழுப்பினது ஊர்ல நடக்கக்கூடியதுதான், அதுல சட்டப்படி தப்பு இல்ல. மதினி, இப்ப என்ன பண்ணட்டும்? அப்படியே அழிச்சிரவா?"

"புதைக்காம அழிச்சிராதீங்க தம்பி," என்றாள் சங்கரேஸ்வரி. "அங்கனதான் ஒண்ணும் பாக்கலை. இங்கனயும் சும்மா காணாமப் போயிரக் கூடாது."

"அப்ப திரும்பப் படுக்க வைக்கணும். எழுப்பினவன்தான் வைக்கணும், அது ஊர் முறை. டாக்டரே, ஆம்புலன்சை எடும். மதினி, நீங்க கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிடுங்க. எந்தப் பட்டனையும் தொட்டுராதீங்க."

அப்போது ஜன்னலுக்கு வெளியே பழைய இரும்பு வாங்கும் வண்டி ஒலிபெருக்கியோடு போனது. பழைய இரும்பு, ஈயம், பித்தளை, உடைந்த பிளாஸ்டிக் சேர். கருத்தப்பாண்டி ஒரு காதில்தான் ஹெட்போன் போட்டிருந்தான். வண்டி தெருமுனையில் திரும்பி, ஜன்னலில் சத்தம் தேய்ந்ததும், அதே ஈயம், அதே பித்தளை, ஹெட்போனுக்குள் சங்கரேஸ்வரியின் மைக்கில் கேட்டது.

"அவிய வீடு பக்கத்துத் தெருதாம்லே," என்றான் மெதுவாக.

"அதுக்கு?" என்றான் ஆரிப். "ஆம்புலன்சை எடு. லைவ்ல ஆளு ஏறிக்கிட்டே இருக்கு."

எடுத்தான். முதல் இடியில் கோமதிநாயகம் பறந்துபோய் மொபைல் கடை போர்டில் மோதி, கைகால் நூடுல்ஸ் மாதிரி முறுக்கிக்கொண்டு விழுந்தார். அந்த விளையாட்டில் எல்லோரும் அப்படித்தான் விழுவார்கள். அதில் யாரையும் கேலி செய்யும் நோக்கமில்லை. விழுந்தவர் எழுந்து சட்டையை உதறினார். ஒரு இடிக்குச் சாகிற உடம்பு இல்லை அது.

சங்கரேஸ்வரி கண்ணை மூடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பட்டன்களைப் போட்டு அமுக்கினாள். கோமதிநாயகம் சுற்றிச் சுற்றி ஓடினார். எந்தப் பட்டன் எந்தப் பக்கம் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? புருசனைத் தப்பிக்க வைக்கிறோம் என்று நினைத்து, நேராக ஆம்புலன்சுக்கு முன்னால் ஓட்டி வந்தாள்.

"மதினி, கையை எடுங்க," என்றான் அப்சல்.

கருத்தப்பாண்டி பிரேக் போட நினைத்தான். அப்படித்தான் பின்னால் ஆரிப்பிடம் சொன்னான். வீடியோவில் அது தெரியவில்லை.

இந்த முறை எழவில்லை. பஸ் ஸ்டாண்டு வாசலில், ஒரு கை முதுகுக்கடியில் மடங்கி, முகம் மேலே பார்க்கக் கிடந்தார். நெற்றிக் குங்குமம் அப்படியே இருந்தது. தாசில்தார் தொண்டையைச் செருமினார். டீக்கடைக்காரர் எங்கோ போய்விட்டார்.

பிணத்தின் வாய் அசைந்தது.

"அங்கனயும் இப்படித்தான் விழுந்தாவளா?"

இதற்கு வேஷம் கலையாமல் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அப்சலின் சட்டத்தில் இல்லை. கலைந்து சொல்வதற்கும் யாரிடமும் ஒன்றும் இல்லை. கீழே தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது ஹெட்போனிலும் கேட்பது போலிருந்தது.

"லாரிக்காரன் நிறுத்துனானா, இல்ல இந்த மாதிரி திரும்பவும் வந்தானா?" என்றாள்.

"மதினி, தூக்கிருவோமா?" என்றான் அப்சல். "நேரமாவுது."

"டாக்டர் தம்பி இருக்காகளா?"

கருத்தப்பாண்டி மைக்கைத் திறந்தான். மூடினான். திறந்தான்.

"இருக்கேன்."

"நீங்கதானே ஆடுனது? எழுப்பி விட்டதும் நீங்கதானே? இன்னொருக்கா எழுப்புங்க தம்பி. நின்னப்போ நான் அழுதுட்டேன், முகத்தைச் சரியாப் பாக்கலை. ஓடுனதுல ஒண்ணும் தெரியலை. கொஞ்ச நேரம் நிக்கட்டும். பாத்துட்டு விட்டுருதேன்."

அப்சல் குறுக்கே வந்தான். "எழுப்புறது உம்ம இஷ்டம் டாக்டரே. ஆனா எழுப்பினா திருப்பி நீரேதான் அடிச்சுப் போடணும். அதை இப்பவே சொல்லிட்டேன்."

"சரி தம்பி," என்றாள் சங்கரேஸ்வரி. "அதுவும் பாத்துக்கிடுதேன்."

கருத்தப்பாண்டி மாசக்கணக்கில் காத்திருந்த இடம் இது. கோமதிநாயகம் வேஷம் கலைந்து, சங்கரபுரிக்கு வெளியே வந்து, அவனிடம் கெஞ்சுகிறார். வாய் அவருடையது, உதடு அவருடையது. ஜெயித்தால் நெஞ்சு நிறையும் என்று கேள்விப்பட்டிருந்தான். நிறையத்தான் செய்தது. எதனால் என்றுதான் தெரியவில்லை.

"எழுப்புலே," என்றான் ஆரிப், திரையின் ஓரத்தில் ஏறும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே. அவனும் இப்போது சிரிக்கவில்லை. "எழுப்பு மக்கா. எல்லாரும் கேக்காங்க."

ஈ பட்டனை அழுத்தினான்.

கோமதிநாயகம் எழுந்தார். சட்டையை உதறினார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். படியில் நிற்காதே, உள்ளே வா என்று சொல்லப்போகிறவர் மாதிரி நேராகக் கருத்தப்பாண்டியைப் பார்த்து நின்றார். சங்கரேஸ்வரி இந்த முறை அழவில்லை. மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது.

ஆம்புலன்சின் என்ஜினை யாரும் அணைத்திருக்கவில்லை.