வேறொரு புரதத்தின் படிகம்

படிகம் வந்தபோது நான் துள்ளிக் குதிக்கவில்லை. குதிக்கத் தெம்பில்லை. நுண்ணோக்கியை விட்டு நகர்ந்து, கூட வேலை செய்யும் டெக்னீஷியன் பெண்ணைக் கூப்பிட்டேன். "எனக்குத் தெரியறது உனக்கும் தெரியுதா பாரு."

"அக்கா, வந்துடுச்சு!" என்று அவள்தான் குதித்தாள்.

பாக்டீரியாக்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பக்கத்தில் செத்துக் கிடக்கும் இன்னொன்றின் டிஎன்ஏவை இழுத்து உள்ளே போட்டுக்கொள்ளும். மருந்துக்கு மசியாத குணம்கூட இப்படிக் கைமாறும். அந்த டிஎன்ஏ நுழைகிற வாசல், மேல்தோலில் பதிந்திருக்கும் ஒரு புரதம். அதன் வடிவத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதற்குப் புரதம் முதலில் படிகமாக வேண்டும், பிறகு அதன் மேல் எக்ஸ்ரே பாய வேண்டும். எங்கள் புரதமோ படிகமாகாமல் வருஷக்கணக்காகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் என் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு போனார்; அவளைப் பார்த்துக்கொள்ள அங்கே என் நாத்தனார் இருக்கிறார். "வடிவம் கிடைச்சதும் அம்மா வந்துடுவேன்" என்று மகளிடம் சொல்லியிருந்தேன். வடிவத்தோடு போனால் அந்த ஊரில் ஒரு வேலை கேட்கலாம். வெறுங்கையோடு போனால் எவன் கொடுப்பான்? இங்கே என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது.

படிகத்தை அனுப்பியிருந்த எக்ஸ்ரே நிலையத்திலிருந்து வந்த படங்களில், கதிர் சிதறி விழுந்த புள்ளிகள் பளிச்சென்று இருந்தன. எங்கள் ஆய்வகத்தின் புரொபசர் வராந்தாவில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கணினி முன்னால் உட்கார்ந்தேன். படிகத்துக்குள் திரும்பத் திரும்ப வரும் கட்டத்தின் அளவுகளை, உலகம் முழுக்கக் கண்டுபிடித்த வடிவங்களைச் சேர்த்து வைத்திருக்கும் பொதுத் தொகுப்பில் போட்டுப் பார்ப்பது வழக்கம். இதே அளவில் வேறு யாராவது ஏற்கெனவே பார்த்திருந்தால் தெரிந்துவிடும்.

யாரோ பார்த்திருந்தார்கள். ஒருவரல்ல, ஏகப்பட்ட பேர்.

எங்கள் புரதத்தை இன்னொரு பாக்டீரியாவுக்குள் வைத்துத்தான் தயாரிக்கிறோம். எடுக்கும்போது அதன் சொந்தச் சரக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். எவ்வளவு கழுவினாலும் போகாது. புரதங்களைப் பிரித்துக் காட்டும் சோதனை ஜெல்லில் மேலே மங்கலாக ஒரு கோடு விழும். எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறோம், எல்லோரும் "அது ஒண்ணுமில்ல" என்று சொல்லியிருக்கிறோம். அந்த ஒண்ணுமில்லாததுதான் இப்போது படிகமாகியிருந்தது. அழைத்த விருந்தாளி வராத வீட்டில் அழையா விருந்தாளி சட்டமாக உட்கார்ந்துகொண்ட கதை.

அதுவும் என்ன புரதம்? வேண்டாததையெல்லாம் வெளியே தள்ளுகிற பம்ப். உள்ளே நுழையும் வாசலைத் தேடியவளுக்கு அதுதான் கிடைத்தது. அழ வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. டெக்னீஷியன் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

புரொபசரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நிச்சயமாவாம்மா?"

"நிச்சயம் சார்."

கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். "ஆறு மாசம் நீட்டிப்பு வாங்கித் தரேன். இவ்வளவு தூரம் வந்துட்டோம், கைவிடக் கூடாது."

கத்தியிருந்தால் தேவலை. நல்ல மனுஷர், அதுதான் தொல்லை. "சரி சார்" என்று என் வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

கீழ்த்தளத்துக்குப் போய், மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் செய்தேன். கணவர் எடுத்தார்.

"என்னாச்சு?"

"அது எங்க புரோட்டீனே இல்ல. வேற ஏதோ."

"ஐயோ, தப்பானதா வந்துடுச்சு?" என்றார். அப்புறம், "சாப்பிட்டியா?"

மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "தப்பானது வந்துடுச்சாம்மா?"

"ஆமாடா கண்ணு."

"அப்ப நீ வரமாட்டே, அதானே?"

அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. "பரவால்லம்மா, எனக்குப் பழகிடுச்சு" என்றாள். என் களைப்பு அப்படியே அவள் குரலில் இருந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எதற்கு? என்னால் தாங்க முடியவில்லை.

"வரேன்" என்றேன். "இந்த மாசக் கடைசியில வந்துடறேன்."

"வடிவம் இல்லாமலா?"

"இல்லாமதான்."

பிறகு போனை விலக்கிப் பிடித்துக்கொண்டு அவள் மெல்லக் கேட்பது காதில் விழுந்தது. "நெஜமாவாப்பா?"

"அம்மாவையே கேளு" என்றார் அவர். அவருக்கும் தெரியவில்லை.

"வச்சுடாதீங்க. ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். முழங்கால் வலிக்க வலிக்க மறுபடி மாடியேறி, புரொபசரின் கதவைத் தட்டினேன்.

"சார், அந்த நீட்டிப்பு எனக்கு வேண்டாம்" என்றேன், போனைக் காதிலிருந்து எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவே நீட்டிப் பிடித்தபடி.