தட்டத் தட்டத் தேடும் பெட்டி

அக்காள் வடிவமைப்பாளர், தம்பி நிரல் எழுதுபவன். குறிப்புகள் எழுதி வைக்க இருவருமாக ஒரு செயலி செய்தார்கள். திரையின் உச்சியில் ஒரே ஒரு பெட்டிதான் இருக்க வேண்டும் என்று அக்காள் ஒற்றைக்காலில் நின்றாள். அதில் தட்டத் தட்டப் பழைய குறிப்புகள் கீழே வந்து விழும். எதுவும் பொருந்தவில்லையா, என்டரைத் தட்டினால் போதும்; தட்டிய சொற்களே தலைப்பாகிப் புதுக் குறிப்பு திறந்துகொள்ளும். எல்லாம் வெறும் எழுத்துக் கோப்புகள். அவரவர் கணினியை விட்டு எங்கும் போகாது.

"ஒரு பொத்தானாவது வையேன்க்கா. மொட்டைத் தலை மாதிரி இருக்கு."

"மொட்டைதான்டா சீக்கிரம் காயும்."

அவளுக்கு வேகம் முக்கியம். தேடவும் யோசிக்க வேண்டியிருந்தால் மனுஷன் எழுதுவதையே விட்டுவிடுவான் என்பாள்.

புதுப் பதிப்பு ஒன்று வந்த பிறகு அந்தப் பெட்டி லேசாக இழுத்தது; குறிப்புகள் ஒரு கணம் தாமதித்தே வந்து விழுந்தன. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவளுக்குச் செருப்புக்குள் மணல் புகுந்தது போல உறுத்தியது. தன் வடிவமைப்பில்தான் கோளாறு என்று நினைத்து, பொருந்தும் சொற்களுக்குப் பூசிய நிறத்தை எடுத்தாள். காட்டும் வரிகளைக் குறைத்தாள். இழுவை போகவில்லை. ஒருநாள் பழுது பார்க்க வந்த ஆள் அலுவலகத்தில் இணைய இணைப்பைத் துண்டித்தார். உடனே பெட்டி பழையபடி பறந்தது.

நேரே தம்பியின் மேசைக்குப் போனாள்.

"இது வெளில யார்கிட்டடா பேசுது?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பெரிய கம்பெனி ஒண்ணு நம்ம செயலிய வாங்கிக்கறேன்னு சொல்லுது. ஜனங்க என்ன தேடறாங்கன்னு அவங்களுக்குப் பாக்கணுமாம். தேடற வார்த்தை மட்டும்தான்க்கா போகுது. குறிப்பத் தொடவே இல்ல."

"தேடறதும் எழுதறதும் ஒரே பெட்டிலதானடா? அதுல எது தேடல், எது குறிப்பு?"

அவன் திரையை அணைத்தான்.

"யாரு படிச்சா?"

"யாரும் உக்காந்து படிக்கலக்கா." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அந்தக் கட்டி… ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சுல்ல?"

மார்பில் கட்டி தட்டுப்பட்டதை அவள் கணவனிடம்கூட மூச்சு விட்டதில்லை. பரிசோதனை முடிவு வரும்வரை மனம் தாங்காமல் அந்தப் பெட்டியில்தான் கொட்டித் தீர்த்திருந்தாள்.

"சோதிச்சுப் பாக்கறப்ப உன் வார்த்தை கண்ணுல பட்டுச்சு. பயந்துட்டேன்க்கா. தூக்கமே இல்ல."

அவன் கண் கலங்கியது பொய்யில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. "பயந்தவன் என்கிட்ட வந்து கேட்டிருக்கணும். எட்டிப் பாத்துட்டுக் கம்முனு இருந்திருக்க."

அன்றைக்கே புதுப் பதிப்பை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டாள். நடந்ததை மழுப்பாமல் எழுதி, பயன்படுத்தும் எல்லோருக்கும் அனுப்பினாள். "கம்பெனி கைநழுவிடும்க்கா" என்று அவன் கெஞ்சியது காதில் விழாத மாதிரியே இருந்தாள்.

முதலில் கூப்பிட்டவள் வக்கீல் தோழி. அவள் தலையில் இந்தச் செயலியைக் கட்டியதே இவள்தான்.

"என் கட்சிக்காரங்க பேரெல்லாம் தட்டினேனேடி. உன்னை நம்பித்தானே?"

தம்பிதான் செய்தான் என்பது நாக்கு நுனிவரை வந்தது. "ஆமா" என்று மட்டும் சொன்னாள். தோழி போனை வைத்துவிட்டாள். அப்புறம் கூப்பிடவே இல்லை.

பாதிப் பேர் செயலியைக் கைவிட்டார்கள். கம்பெனியும் பின்வாங்கியது. தம்பி வேறு வேலைக்குப் போனான். மிச்சமிருந்தவர்களுக்காக அவள் தனியாளாகச் செயலியைப் பார்த்துக்கொண்டாள்.

சில மாதம் கழித்து மருத்துவர் மறுபடி பரிசோதிக்க வரச் சொன்னார். இந்த முறை கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவனும் கூடவே வந்தான். அம்மாவுக்கும் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லி அவர்கள் வெளியே வந்தபோது தம்பி போனில் அழைத்தான்.

"அக்கா, ரிசல்ட் என்னாச்சு?"

"அம்மாகிட்ட கேட்டுக்கோ" என்றாள்.