சிரிக்காத ஊரில் ஓர் ஓட்டைக் காலுறை

முதல் முன்னோட்டக் காட்சியில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எய்ட்ஸ் வந்து படுத்திருக்கும் ஜெரி என்ற நியூயார்க்காரன் மூச்சுக்கு மூச்சு கிண்டலடிக்கும் நாடகம் அது. வட ஸ்வீடனின் யூமியோ ஊர்ச் சனங்களோ தேவாலயத்தில் இருப்பதுபோல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும் ஒரே தாளத்தில் மரியாதையாகக் கைதட்டிவிட்டுப் பனியில் இறங்கிப் போனார்கள்.

மறுநாள் காப்பி நேரத்தில் அரங்கத் தலைவி குன்வோர் இலவங்கப்பட்டை ரொட்டியைப் பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"சாகப்போற மனுசனப் பாத்து நம்ம ஊர்ல யாரும் சிரிக்க மாட்டாங்க இல்வா. இன்னைக்கும் இப்படியே போச்சுன்னா ஜோக்கையெல்லாம் வெட்டிடு."

இல்வா தன் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். நாடகத்தை ஸ்வீடிஷில் மொழிபெயர்த்து இயக்குகிறவள் அவள்தான். அவளுடைய அண்ணன் ஸ்டஃபான் இதே நோயில் போனவன். ஆஸ்பத்திரியில் நர்ஸின் கையுறையை ஊதிக் கட்டிலில் பலூன் தொங்கவிட்டவன். கிண்டலை வெட்டினால் மேடையில் ஒரு நோயாளி மிஞ்சுவான், அண்ணன் மிஞ்ச மாட்டான்.

போதாக்குறைக்கு டோர்கெல். ஜெரியின் நண்பனாக நடிப்பவர். ஒத்திகையில் ஜெரியின் அறைக்குள் நுழையும்போதெல்லாம் வாசலில் குனிந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கிவிடுவார்.

"நியூயார்க்குல யாரும் கழட்ட மாட்டாங்கப்பா! அப்படியே போய்க் கட்டில்ல உக்காருங்க!"

"பூட்ஸோட இன்னொருத்தர் வீட்டுக்குள்ளயா? எங்கம்மா பாத்தா என்னைத் தொலைச்சிடுவா, இல்வா."

அன்றைய காட்சியிலும் சபை கல்லாக இருந்தது. ஜெரியின் நல்ல வசனங்கள் ஒவ்வொன்றாக வீணாகின. கடைசி வரிசையில் இல்வா நகத்தைக் கடித்தாள். அப்போது டோர்கெல் கதவைத் திறந்தார், பதற்றத்தில் குனிந்தார், இரண்டு பூட்ஸையும் கழற்றி ஒழுங்காகச் சுவரோரம் வைத்தார். நிமிர்ந்தபோதுதான் தவறு புரிந்து அப்படியே நின்றுவிட்டார். சிவப்புக் கம்பளிக் காலுறையின் ஓட்டை வழியே கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

ஜெரியாகப் படுத்திருந்த மெல்கெர் தலையணையிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கினான்.

"ஏன்டா, நான் சாகுறதுக்குள்ள பாத்துட்டுப் போகலாம்னு வந்தியா, இல்ல உன் கட்டைவிரலை எனக்குக் காட்ட வந்தியா?"

முன்வரிசையில் ஒரு பெண்மணி கையால் வாயைப் பொத்தினாள். பொத்தியும் நிற்கவில்லை. பக்கத்திலிருந்தவருக்குத் தொற்றிக்கொண்டது. அடுத்தவர் வீட்டு நடைவாசலில் நின்று, அவரவர் ஓட்டைக் காலுறையை ஒளித்தவர்கள்தானே! அரங்கமே குலுங்கியது. அதன்பின் ஜெரி வாயைத் திறந்தாலே சிரித்தார்கள். கடைசிக் காட்சியில் அதே சனங்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

குன்வோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஒரு வசனத்தையும் தொடாதே. அந்த பூட்ஸையும்தான்."

தொடக்க நாளன்று டோர்கெல் புத்தம் புதுக் காலுறையோடு வந்தார். "ஊரே பாக்குமே, மானம் போயிடும்னு பொண்டாட்டி வாங்கிக் கொடுத்தா."

"உக்காருங்க," என்றாள் இல்வா. "காலை நீட்டுங்க."

உடையறைக் கத்தரிக்கோல் ஏற்கெனவே அவள் கையில் இருந்தது.