தேயிலைப் பெட்டிச் சோறு

உலை கொதித்து, அரிசியைப் போட்டு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஸ்டவ் பொசுக்கென்று அணைந்துவிட்டது. மரகதம் அதைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள். உள்ளே ஒரு சொட்டு மண்ணெண்ணெய் இல்லை. ரேஷன் கடையில் அடுத்து ஊற்ற இன்னும் நாலு நாள் இருந்தது. மூன்று நாளாக விடாமல் பெய்த மழையில் விறகும் ஊறிப்போய், பற்றவைத்தால் புகைவதோடு சரி. மகள் ஸ்வேதா பள்ளிக்கூடத்திலிருந்து பசியோடு ஓடிவர ஒரு மணி நேரம்தான் இருந்தது.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையோரத்தில் ஒரு சின்னத் தேயிலை ஃபேக்டரி. மரகதத்தின் கணவன் ஆறுக்குட்டி அங்கே இலை எடை போடும் கிளார்க். பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லாமல் போயிருந்த வருஷங்கள் அவை. பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று பலர் இலையைச் செடியிலேயே முற்ற விட்டுவிட்டார்கள். ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடினால் பெரிது. சம்பளமும் அதற்குத் தக்கபடிதான். ஃபேக்டரியை ஒட்டி வரிசையாக இருந்த ஒன்பது லைன் வீடுகளிலும் இதே நிலைமை. கேஸ் வைத்திருந்த இரண்டு வீட்டுக்காரர்கள்கூடச் சிலிண்டரை மூலையில் தள்ளிவிட்டு விறகுக்குத் திரும்பிவிட்டார்கள். பெண்கள் வாரத்துக்கு மூன்று தடவை சோலைக்குள் போய், ஃபாரஸ்ட் கார்டு வருகிறாரா என்று பார்த்துப் பார்த்து, கையில் அகப்பட்ட கிளையை வெட்டிச் சுமந்து வந்தார்கள்.

அடுப்படி மூலையில் ஒரு காலித் தேயிலைப் பெட்டி இருந்தது. முன்பு தேயிலையை அடைத்து அனுப்பிய பிளைவுட் பெட்டி. உள்பக்கம் முழுக்க ஈயத்தாள் ஒட்டியிருக்கும். காகிதச் சாக்கு வந்த பிறகு இந்தப் பெட்டிகள் குடோனில் சும்மா கிடந்தன. உடைத்து எரிக்கலாம் என்று ஆறுக்குட்டி ஒன்றைத் தூக்கி வந்திருந்தான். நல்ல பெட்டியை உடைக்க மனசு வராமல் மரகதம் அதில் பழைய கம்பளிகளைப் போட்டு வைத்திருந்தாள்.

சூடாவது ஆறாமல் இருக்கட்டும், யாரிடமாவது கொஞ்சம் மண்ணெண்ணெய் வாங்கி வந்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து, குண்டானை இறுக்கி மூடி, அந்தக் கம்பளிகளுக்கு நடுவே இறக்கினாள். மேலே இன்னொரு கம்பளியை அமுக்கிப் பெட்டியின் பலகையைச் சாத்திவிட்டுக் குடையோடு கிளம்பினாள்.

எந்த வீட்டிலும் கிடைக்கவில்லை. கடைசி வீட்டில் பேச்சு வளர்ந்து, அவள் திரும்பி வரும்போது ஸ்வேதா தட்டோடு உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு அரைவேக்காட்டுச் சோற்றுக்குப் பாட்டுத்தான் வாங்கப்போகிறோம் என்று எண்ணியபடியே மரகதம் பெட்டியைத் திறந்து மூடியை எடுத்தாள்.

குபீரென்று ஆவி முகத்தில் அடித்தது. தண்ணீர் முழுவதும் இழுத்து, பருக்கை பருக்கையாகச் சோறு மலர்ந்து கிடந்தது. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினாள். மெத்தென்று அமுங்கியது. இன்னொன்றை நசுக்கினாள். அதுவும்தான்.

"ஏனுங்க! இங்க வாங்க! ஓடியாங்கன்னா!"

முன்னறையில் படுத்திருந்த ஆறுக்குட்டி, பாம்புதான் வந்துவிட்டது என்று கையில் தடியோடு ஓடிவந்தான்.

"சோறு வெந்திருச்சுங்க!"

"அதுக்கு எதுக்கம்மணி இந்தக் கத்து?"

"அடுப்பு இல்லாம வெந்திருக்குதுங்க! பொட்டிக்குள்ள! தானா!"

அவன் பெட்டியைப் பார்த்தான், அணைந்த ஸ்டவ்வைப் பார்த்தான், மனைவியின் முகத்தைப் பார்த்தான். பிறகு தடியைச் சுவரில் சாத்திவிட்டுக் குண்டான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு பிடிச் சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். "நெசமாத்தான் வெந்திருக்குது" என்றான். அதற்குள் ஸ்வேதா இரண்டாம் முறை தட்டை நீட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து மரகதத்துக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். விடிந்தால் போதும், பெட்டியில் எதையாவது வைத்துப் பார்ப்பாள். துவரம்பருப்பை ஊறவைத்து ஒரு கொதி விட்டு வைத்தாள், வெந்தது. கொண்டைக்கடலை முதல் நாள் பல்லைப் பதம் பார்த்தது. மறுநாள் இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டு, கம்பளியை இன்னும் நெருக்கி அமுக்கினாள். வெண்ணெய் மாதிரி வெந்துவிட்டது. பெட்டிக்கு இடைவெளியே ஆகாது, குண்டான் நிறைய இருக்க வேண்டும், நடுவில் திறக்கவே கூடாது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். குண்டானை இறக்கியதும் மிச்சத் தணலில் குளிக்கத் தண்ணீர் வைத்தாள். அரிசி கழுவிய தண்ணீரைக் கொல்லையில் பீன்ஸ் கொடிக்கு ஊற்றினாள். கையில் இருந்ததில் எது வீணாகிறது என்று தேடித் தேடிப் பார்க்கிற வெறி அவளுக்கு வந்துவிட்டது. வாரம் மூன்று தடவை சோலைக்குப் போனவள் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டாள்.

அதைத்தான் அடுத்த வீட்டு மூக்கம்மா கவனித்தாள். இலை பறிக்கிறவள்; ஐம்பது வயது; அவளை மீறி அந்த லைனில் யாரும் எதையும் ஒளிக்க முடியாது.

"ஏ புள்ள மரகதம், விறகுக்கும் வர மாட்டேங்குற, ஊட்டுல புகையும் காணோம். சோறு மட்டும் எங்கேருந்து வருது? கடையில வாங்கித் திங்குறியா?"

"பொட்டில வேகுதுங்கக்கா."

"யாருகிட்ட கதை வுடுற?"

"நீங்களே வந்து பாருங்கக்கா."

மூக்கம்மா பார்க்க மட்டும் வரவில்லை; கண்டுபிடிக்கவே வந்தாள். தன் வீட்டு அரிசியையே கொண்டுவந்தாள். அது கொதிப்பதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். பெட்டிக்குள் நெருப்புத்துண்டு எதுவும் இல்லையென்று கம்பளியை உதறிப் பார்த்தாள். குண்டானை உள்ளே இறக்கிப் பலகையைச் சாத்தியதும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நான் எந்திரிக்கிற வரைக்கும் யாரும் கிட்ட வரக் கூடாது!"

சேதி பரவி லைனே கூடிவிட்டது. வாசலில் ஒரே கூட்டம். மூக்கம்மா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. "அடியில சூடு தெரியுதா?" என்று யாரோ கேட்க, "ஐஸாட்டம் இருக்கு. இவ நல்லா ஏமாந்தா" என்றாள். மரகதத்துக்குத் தன் வீட்டு அரிசியின் பக்குவம் தெரியும். இது எந்த அரிசியோ?

ஒரு மணி நேரம் கழித்து மூக்கம்மா இறங்கினாள். தானே மூடியைத் திறந்தாள். ஆவி எழும்பியது. கரண்டியை விட்டு அடியிலிருந்து கிளறினாள். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினாள். கடைசியில் திரும்பி, கூட்டத்தைப் பார்த்து, "என்னடி வேடிக்கை பாக்குறீங்க? குடோன்ல போயி ஆளுக்கொரு பொட்டி கேளுங்க!" என்று ஒரு சத்தம் போட்டாளே பார்க்கலாம்!

ஆனால் கேட்டவுடன் கிடைத்துவிடவில்லை. முதலாளி கோயமுத்தூரில் இருந்தார். பெட்டிகளை மொத்தமாக விறகுக்காரனுக்குப் போடுவதாகச் சொல்லிவிட்டார். ஆறுக்குட்டி இரண்டு முறை கேட்டும் நடக்கவில்லை. பாதி வீட்டுக்காரர்கள் மரகதத்தின் வீட்டுப் பெட்டியில் முறை வைத்துச் சமைத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் பழையபடி விறகுக்குப் போனார்கள்.

ஐப்பசியில் மழை வேறு மாதிரி வந்தது. ஒருநாள் காலை பதினொரு மணிக்கு, லைனுக்குக் கீழே வளைவில் மலையே பிளந்ததுபோல் ஒரு சத்தம். எல்லோரும் ஓடிப் பார்த்தார்கள். மண்ணும் மரமும் சாலையை மூடிக் கிடந்தன. அதற்கு இந்தப் பக்கம் மேட்டுப்பாளையம் போகிற பஸ் ஒன்றும், கேரட் ஏற்றிய லாரி ஒன்றும் நின்றன. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பஸ் டிரைவர் பின்பக்கமாகவே எடுத்துத் திரும்பிவிடலாம் என்று பார்த்தார். மேலே அரை மைலில் அங்கேயும் மண் சரிந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னான்.

பஸ்ஸில் நாற்பத்தாறு பேர். கைக்குழந்தைகள் ஐந்து. நனைந்து நடுங்கிக்கொண்டு ஃபேக்டரி வராந்தாவில் வந்து நின்றார்கள். சாலை திறக்க ராத்திரியாகும், நாளைக்கும் ஆகலாம் என்றார்கள்.

"அரிசி ஊட்டுக்கு ரெண்டு படி எடுத்தா வந்துரும்" என்றாள் மூக்கம்மா. "எரிக்கிறதுக்கு எங்க போறது? காஞ்ச விறகு ஒரு கட்டு தேறுமா? அம்பது பேருக்குப் பொங்கி முடிக்க விடிஞ்சிரும்."

மரகதம் ஒரு கணம்தான் யோசித்தாள். பிறகு அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"ஏனக்கா விடியோணும்? ஒரு குண்டானைக் கொதிக்கவெச்சுப் பொட்டில இறக்குனா அடுப்பு காலிதானே? உடனே அடுத்ததை ஏத்தலாம். ஒரு அடுப்புல அஞ்சு குண்டான்! பொட்டி மட்டும் வேணும்." அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, குடோன் சாவி உங்ககிட்டத்தானே?"

ஆறுக்குட்டியின் முகம் சுருங்கியது. போனும் அறுந்து கிடந்தது. முதலாளியைக் கேட்காமல் பூட்டைத் திறந்தால் இருக்கிற பாதிச் சம்பளமும் போகலாம். வராந்தாவில் ஒரு குழந்தை வீறிட்டது. அவன் இடுப்பில் தடவிச் சாவியை எடுத்தான்.

"வாங்க, ஆளுக்கொண்ணு தூக்குங்க. கேட்டா நான் சொல்லிக்கறேன்."

எட்டுப் பெட்டிகள் வந்தன. உள்ளே அடைக்கத்தான் எதுவும் இல்லை. புல், வைக்கோல் எல்லாம் ஈரம். வீடுகளிலிருந்த கம்பளி மூன்று பெட்டிக்குத்தான் போதுமானதாக இருந்தது. மரகதம் வராந்தாவுக்கே போய் நின்றாள்.

"நனையாத ஸ்வெட்டர், சால்வை, குல்லா என்ன வெச்சிருக்கீங்களோ பைக்குள்ளருந்து எடுத்துக் குடுங்க. அதுலதான் உங்களுக்குச் சோறு வேகோணும்!"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஸ்வெட்டர்ல எப்படிம்மா சோறு வேகும்?" என்று கண்டக்டர் இசக்கிமுத்து கேட்டார்.

"மொதல்ல குடுங்கய்யா! இதையேதான் நானும் கேட்டுப்புட்டு ஒரு மணி நேரம் பொட்டி மேல குந்தியிருந்தேன்!" என்று மூக்கம்மா அதட்டினாள்.

கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாள்தான் முதலில் தன் புதுச் சால்வையைக் கொடுத்தாள். பிறகு வந்து குவிந்தன பாருங்கள்! சங்கிலி என்ற லாரிக்காரர் மூன்று மூட்டைக் கேரட்டை அவிழ்த்துவிட்டுத் தார்ப்பாய்க்குள் வைத்திருந்த போர்வையையும் தந்தார். இரண்டே வீட்டில் இருந்த காய்ந்த விறகை வைத்து இரண்டு அடுப்பு மூட்டினார்கள். ஒரு குண்டான் கொதித்ததும் இரண்டு பேர் துணியால் பிடித்து ஓட, மரகதம் அதைப் பெட்டிக்குள் இறக்கி, நாலு பக்கமும் ஸ்வெட்டரைத் திணித்து, முழங்கையால் அமுக்கி மூடினாள். அடுத்தது சாம்பார். அதற்கடுத்து மறுபடி சோறு. வேர்த்து விறுவிறுத்து, தலையெல்லாம் சாம்பலாக, வாழ்நாளில் அவள் அப்படி ஓடியதில்லை. எட்டாவது பெட்டி மூடும்போது விறகும் சரியாகத் தீர்ந்தது.

இனிக் காத்திருக்க வேண்டியதுதான். பசித்த ஐம்பது பேர் எட்டுப் பெட்டிகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தப்பிப்போனால் மறுபடி கொதிக்கவைக்க ஒரு குச்சி கிடையாது.

இரண்டு மணிக்கு மரகதம் முதல் பெட்டியைத் திறந்தாள். ஆவி குப்பென்று எழுந்து வராந்தாக் கூரைவரை போனது. "ஏ!" என்று ஒரே ஆரவாரம். பஸ் டிரைவர் விசிலே அடித்துவிட்டார். இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் பூப்போல வெந்திருந்தன. சாம்பாரில் கேரட் கரைந்தே போயிருந்தது. ஆறாவது பெட்டி மட்டும் நறுக் நறுக்கென்றது.

"இதை யாரு நடுவுல திறந்தது?" என்று மூக்கம்மா ஒரு பார்வை பார்த்தாள்.

"ரெண்டே தடவைதாங்க" என்றார் இசக்கிமுத்து. "மனசு கேக்கலீங்க."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அந்தச் சோற்றில் சூடான சாம்பாரை ஊற்றி மறுபடி பெட்டியில் அடைத்தார்கள். அரை மணியில் அதுவும் இளகிச் சாம்பார் சாதமாகிவிட்டது. அதைத்தான் குழந்தைகள் அடித்துப் பிடித்துத் தின்றன. பிறகு ஆளாளுக்குத் தங்கள் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் போன அம்மாள், "அடுப்புப் பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்குதுங்க" என்று சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டாள். விளக்கு வைக்கும் நேரத்தில் மண் அள்ளும் வண்டி வந்து சாலையில் ஒரு பக்கம் வழி உண்டாக்கியது. பஸ் நகரும்போது ஜன்னல் ஜன்னலாகக் கைகள் ஆடின.

முதலாளி நாலு நாள் கழித்து வந்தார். ஆறுக்குட்டி தானாகவே போய், பூட்டைத் திறந்தது நான்தான் என்றான். அவர் குடோனைச் சுற்றிப் பார்த்தார், வாசலில் நின்ற ஒன்பது வீட்டுப் பெண்களையும் பார்த்தார். "இலைக்குத்தான் என்னால விலை ஏத்த முடியல. பொட்டியாவது எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

விலை ஏறவில்லைதான். அந்த வருஷமும் ஏறவில்லை, அடுத்த வருஷமும் ஏறவில்லை. ஆனால் ஒன்பது வீட்டுக்கும் பெட்டி வந்துவிட்டது. சோலைக்கு வாரம் ஒருமுறை, அதுவும் உதிர்ந்து கிடந்த சுள்ளி பொறுக்க மட்டும்தான் போனார்கள். மூக்கம்மாவுக்குப் புகையால் வந்த இருமல் பாதி குறைந்திருந்தது.

மார்கழியில் ஒரு விடியற்காலை. வெளியே புல்லெல்லாம் உறைபனி. கதவு படபடவென்று தட்டப்பட்டது. மரகதம் திறந்தால், மூக்கம்மா ஒரு தூக்குப்போசியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். மூடியைத் தள்ளிக்கொண்டு வெள்ளையாக நுரைத்துப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது மாவு.

"இட்லி மாவு புள்ள! இந்தக் குளிருல! சுடுதண்ணி பாட்டிலைப் பக்கத்துல வெச்சுப் பொட்டிக்குள்ள பூட்டுனேன். பாரு, பாரு, எப்படிப் புளிச்சுப் பொங்கிருக்குன்னு! மலை மேல வந்து முப்பது வருசத்துல மார்கழி மாசத்துல நான் மெத்துன்னு ஒரு இட்லி தின்னதில்ல!"

"அக்கா, கீழ சிந்துதுங்க!"

"சிந்தட்டும்! நீ மொதல்ல இட்லிச்சட்டிய எடு!"