ஹீட் ஷாக்கும் அப்சரின் வயரிங்கும்

1

இந்தக் கதை எனக்குப் பட்டுக்கோட்டை பஸ்ஸில் கிடைத்தது. முன் சீட்டில் ஒரு பெண், "எம்மவளுக்கு ஹீட்டு ஷாக்குன்னாங்க. நான் போயி மெயினை ஆஃப் பண்ணிட்டேன்!" என்று சொல்லிச் சிரித்தாள். நான் இறங்க வேண்டிய ஊர் வந்துவிட்டது. மிச்சம் என் சரக்கு.

முதல் தொடக்கம்: "தொண்ணூற்றாறாம் ஆண்டு, தாராளமயத்தின் காற்று அதிராம்பட்டினத்துக் கடற்கரையில்..."

கட்டுரை வாடை. அடித்துவிட்டேன். (வரியைச் சொல்கிறேன், ஷாக்கை அல்ல.)

2

அவளுக்குக் கமருன்னிஸா என்று பெயர் வைக்கிறேன். கணவர் அப்சர் ஷார்ஜாவில் எலக்ட்ரீஷியன். மகள் இர்ஃபானா மூன்றாம் வகுப்பு. காலையில் எழுந்தால் முழங்கால் இரண்டும் வீங்கி விறைத்து, சுவரைப் பிடித்தும் அவளால் நிற்க முடியாது. பிள்ளை மறுபடி நிற்பாளா என்பதுதான் கதை. மற்றதெல்லாம் என் வாய்க்கொழுப்பு.

தஞ்சாவூரில் டாக்டர் ஜெயபாரதி மருந்து கொடுத்தார், ஆராய்ச்சிக்காக இரத்தமும் எடுத்தார்.

"கொழந்தைங்களுக்கு வர்ற மூட்டுவாதம்மா இது. ரத்தத்துல ஹீட் ஷாக் புரோட்டீனுக்கு எதிர்ப்பு நிறைய இருக்கு. பயப்படாதீங்க."

[குறிப்பு: நெருக்கடியில் நம் செல்கள் தம்மைக் காத்துக்கொள்ளச் செய்யும் புரதம் அது. கிருமிகளிடமும் அதே சாயலில் ஒன்று உண்டு. கிருமி என்று நினைத்து, உடம்பு ஆள் தெரியாமல் தன்னையே அடிக்கிறதோ என்று ஒரு சந்தேகம். இல்லை, அந்த எதிர்ப்புதான் நோயைத் தணிக்கிறதோ என்று இன்னொன்று. விஞ்ஞானிகளும் என்னைப் போலத்தான், முடிவு தெரியாமல் எழுதுகிறார்கள்.]

கமருன்னிஸாவின் காதில் நின்றது ஒரே சொல்: ஷாக். வீட்டுக்கு வந்து மெயினை ஆஃப் பண்ணிவிட்டுத்தான் மறுவேலை.

3

எஸ்.டி.டி. பூத்.

"மச்சான், புள்ளைக்கு ஷாக் அடிச்சிருக்காம். டாக்டரம்மா ரத்தத்துலயே கண்டுபிடிச்சிட்டாங்க."

"எந்த சுவிட்சுல?"

"அதச் சொல்லலையே!"

அந்த வீட்டு வயரிங் அப்சர் தன் கையால் போட்டது. ரிசீவரைப் பிடித்தபடி அவர்

(இந்த வரியை முடித்தால் அழுதுவிடுவேன். இது சந்தோஷமான கதை.)

அவசர லீவில் வந்து இறங்கினார். பெட்டியைப் பிரிக்காமல் சுவிட்ச் போர்டுகளைப் பிரித்தார்.

"வாப்பா, என்ன தேடுறீங்க?" என்றாள் கட்டிலில் இருந்த இர்ஃபானா.

"வாப்பா செஞ்ச தப்பைத் தேடுறேம்மா."

கிடைக்கவில்லை. தஞ்சாவூருக்கு ஓடினார். விஷயத்தைக் கேட்ட ஜெயபாரதி மேசையில் கவிழ்ந்து சிரித்தார்.

"உங்க வயரிங்ல ஒரு கோளாறும் இல்லீங்க!"

அப்சர் முதலில் அழுதார். பிறகு அவரும் சிரித்தார்.

"அப்ப நிப்பாளா டாக்டர்?"

"மருந்து கேக்குது, வீக்கம் வத்துது. திரும்ப வராதுன்னு மட்டும் என்னால எழுதிக்கொடுக்க முடியாது."

4

முதல் முடிவு: வாப்பாவைக் கண்டதும் நோய் பறந்தது. இப்படி எழுதினால் ஜெயபாரதி என்னை உதைப்பார்.

இரண்டாவது: சில வாரம் கழித்து, ஷார்ஜா திரும்புவதற்கு முன்னால், அப்சர் மெயினை அணைத்து, பிரித்த போர்டுகளில் கடைசியையும் மூடிவிட்டு, மறுபடி மெயினைப் போடுகிறார். ஹால் லைட்டை யார் போடுவது?

"நாந்தான்!"

கட்டிலிலிருந்து இறங்குகிறாள். சுவரைத் தொடாமல் நடக்கிறாள். சுவிட்ச் எட்டவில்லை. கமருன்னிஸா தூக்கிவிட ஓடி வருகிறாள்.

"உம்மா, தொடாதீங்க!"

இர்ஃபானா நுனிக்காலில் எழும்பி நிற்கிறாள்.

விளக்கு எரிந்ததா, அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனதா, நோய் என்றாவது திரும்பியதா, எதையும் நான் சொல்லப்போவதில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என் வரிகளில் பிடிக்காததை அடித்துவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

"நிற்கிறாள்" என்பதை மட்டும் அடிக்காதீர்கள்.