கை கால் மரத்துப்போகிறதா?

புற்றுநோய்ப் பிரிவின் மாடி அறையில் வியாழன்தோறும் யோகா வகுப்பு. நோயாளிக்கு ஒரு பாய், கூட வந்தவருக்கு ஒரு பாய். தையல்காரி ஒன்றில் நின்றாள். பக்கத்துப் பாயில் அவள் கணவர், கணக்கு வாத்தியார், விறைப்பாக நின்றார். பாவம், மனுஷனுக்கு மூச்சைக்கூடச் சரியா தப்பா என்று பார்த்துத்தான் விட வரும்.

"உள்ளங்கால் பாயில நல்லா பதியட்டும்" என்றாள் யோகா டீச்சர்.

"பாய் இருக்கிறதே தெரியலம்மா. ரெண்டு மாசமா கை காலெல்லாம் மரத்துக் கெடக்கு. போன வாரம் ஊசி விரல்ல ஏறினதே, துணியில ரத்தத்தப் பாத்தப்புறந்தான் தெரிஞ்சுது."

டீச்சர் அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவளுடைய ஆஸ்பத்திரி ஃபைலைப் புரட்டினாள். கணவர் பாயிலேயே உட்கார்ந்தார். "என்னக்கா, மருந்து ஏத்துறதுக்கு முன்னால குடுக்கிற படிவத்துல, மரத்துப்போகிறதான்னு கேட்டதுக்கு கடைசி மூணு தடவையும் இல்லைன்னுல்ல போட்டிருக்கு?"

தையல்காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. படிவம் நிரப்புவது அவர் வேலை. ஒவ்வொரு முறையும் அவரிடம் சொல்லித்தான் அனுப்பினாள். டாக்டர் பொறுத்துக்கச் சொன்னார் என்று அவர்தான் வந்து சொன்னார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

"ஏங்க, டாக்டர் சொன்னதாச் சொன்னீங்களே?"

"மரத்துப்போகுதுன்னு எழுதினா மருந்தக் கொறச்சிருவாங்களோன்னு பயந்துட்டேன். எனக்கு நீ வேணும்."

வேறொரு நாளாக இருந்தால் உருகியிருப்பாள். இன்று கோபம் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷம் ஊர்த்துணியெல்லாம் வெட்டித் தைத்த விரல்களை, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் பணயம் வைத்திருக்கிறார்.

"நான் வேணும், என் விரல் வேண்டாமா? எனக்கு எங்க வலிக்குதுன்னு நீங்க யாரு முடிவு பண்றதுக்கு?"

மற்றப் பாய்களில் கண்ணை மூடி நின்றிருந்தவர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"அக்கா, மூச்ச மெதுவா..."

"நீ சும்மா இரும்மா. அது தன்னால போகும்."

மத்தியானம் ஐந்தாவது தடவை மருந்து ஏற்ற வேண்டும். அதற்கான படிவம் அவர் சட்டைப்பையில் இருந்தது. வெடுக்கென்று பிடுங்கினாள். கேள்விக்கு நேராகப் பேனாவை வைத்தால், பிடி நிற்காமல் இரண்டு முறை நழுவி விழுந்தது. அவமானமாக இருந்தது. படிவத்தை அவர் மடியில் எறிந்தாள்.

"எழுதுங்க. ஆமா, மரத்துப்போகுது. ஒம்பது வாரமா. ஊசி பிடிக்க முடியல, பட்டன் போட முடியல. ஒண்ணு விடாம எழுதுங்க."

எழுதினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு எழுதினார். அவள் இரக்கப்படவில்லை. கடைசியில் 'விவரம் தந்தவர்' என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் கணவர் என்று போட்டார்.

"அத அடிங்க. என் பேர எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினார். அவள் எழுந்தாள். அவரும் கூடவே எழுந்தார்.

"நீங்க இங்கயே உக்காருங்க" என்றாள். படிவத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கீழே டாக்டர் அறைக்குத் தனியாகப் போனாள்.