பாகத்தில் போன ‘தி’

எடப்பாடியில் பூபதியும் தம்பி சந்திரசேகரும் பாகம் பிரித்தபோது தறிகள் சண்டையில்லாமல் பிரிந்தன. கிணறுகூடப் பிரிந்தது. முரண்டு பிடித்தது, அவர்களுடைய அம்மாவின் பெயரில் இருந்த கடைப்பெயர்தான்: தி கந்தம்மாள் டெக்ஸ். ஆறு பஞ்சாயத்துக்குப் பிறகு, அம்மா இருவருக்கும் பொது, முன்னால் நிற்கும் ‘தி’ மூத்தவருக்கு மட்டும் என்று பெரியவர்கள் தீர்த்துவைத்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. சொத்துக்கு அர்த்தம் எதற்கு?

அதன்பின் பன்னிரண்டு வருடம் அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. எதிர்வரிசையில் இருந்த தம்பி கடைப் பலகையில் ‘தி’ இல்லாததைப் பார்த்துக்கொண்டேதான் பூபதி தினமும் காலைக் காபியைக் குடித்தார். சர்க்கரை குறைவாக இருந்தாலும் இனித்தது.

இப்போது பூபதியின் மகள் தேவிப்ரியாவுக்குக் கல்யாணம். தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டிய சித்தப்பா இல்லாமல் மணமேடை ஏற அவளுக்கு மனமில்லை. நேரில் போய் அழையுங்கள் என்று கெஞ்சினாள். பத்திரிகையில் பேர் போட்டால் போதும் என்றார் அப்பா.

பேர் போடும் வேலை அவளுடையது. செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தில் உட்கார்ந்து, ‘நல்வரவை விரும்பும்’ உறவினர்களைக் கடைப்பெயரோடு சரிபார்த்தாள். அச்சாகி வந்த ஆயிரம் பத்திரிகையிலும் அப்பா வெறும் கந்தம்மாள் டெக்ஸ். சித்தப்பா, தி கந்தம்மாள் டெக்ஸ். குலசாமிக்கு வைத்த கையோடு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அடுத்த பத்திரிகையைச் சித்தப்பா வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் கட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

பூபதி அதைப் படித்துவிட்டு, சரக்கு லாரி கவிழ்ந்தவர் போல உட்கார்ந்திருந்தார். வாசலில் தம்பி வந்து நின்றான்.

"அண்ணா, பத்திரிகையில தப்பு வந்திருச்சுங்க. உங்க ‘தி’ எங்கிட்ட வந்திருக்குது. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பூபதி நிமிர்ந்தார். தம்பிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. இத்தனை வருடமும் அவர் பலகையை மட்டுமே பார்த்திருக்கிறார்.

"நீயே வெச்சுக்கடா. ஊட்டுக்குள்ள வா, சாப்புடு."

"எனக்கெதுக்குங்க? நீங்களே வெச்சுக்குங்க."

இலை போட்ட பிறகும், எனக்கு வேண்டாம் உனக்குத்தான் என்று தள்ளிக்கொண்டே இருந்தார்கள். குரல் உயர்ந்தது. பூபதியின் மனைவி வசந்தாமணி ரசத்தை ஊற்றியபடி நிதானமாகக் கேட்டார்.

"இதுக்கும் பெரியவங்களக் கூப்பிட்டரலாமுங்களா?"

இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து சோற்றைப் பிசைந்தார்கள்.